1998-ல் வந்த செல்டாவை இன்னும் ஏன் ஆடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஆகரினா ஆஃப் டைம்' என்ற பழைய செல்டா வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதே சந்தேகங்களோடு வந்து நிற்கிறார். புதிதாக ஆடப் போகிறவர்கள், பாதியில் விட்டவர்கள், 'இதுக்கா இவ்ளோ அலப்பறை' என்று நினைப்பவர்கள் என எல்லோரும் கேட்டதை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். போகப் போகக் கதையும் வெளியே வரும். அந்த இடங்களில் எச்சரிக்கை வைத்திருக்கிறேன்.

செல்டா செல்டான்னு சொல்றாங்களே, இது அதுல எந்த கேம்?

செல்டா என்பது ஒரே கேம் இல்லை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986 முதல் விட்டுக்கொண்டே இருக்கும் வரிசை. 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆகரினா ஆஃப் டைம்' அதில் 1998 நவம்பரில் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்தது, வரிசையின் முதல் 3டி கேம். தயாரிப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ, இசை கோஜி கோண்டோ. டன்ஜன்களை, அதாவது புதிரும் எதிரியும் நிறைந்த கோயில், குகை போன்ற இடங்களை வடிவமைத்ததில் பெரும்பங்கு எய்ஜி அவோனுமாவுடையது, பின்னால் மொத்த வரிசையையும் ஏற்று நடத்தியவர் அவர்தான்.

ஜப்பானிய வார இதழான ஃபாமிட்சு தன் வரலாற்றிலேயே முதல் தடவையாக 40-க்கு 40 கொடுத்தது இதற்குத்தான். பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக்கில் 99. நின்டெண்டோ 64-ல் மட்டும் 76 லட்சம் பிரதிகள் விற்றது. 2022-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருக்கும் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் தன் வீடியோ கேம் புகழ்மண்டபத்தில் இதைச் சேர்த்துக்கொண்டது. எண்கள் இதோடு போதும்.

பச்சை டிரெஸ் போட்ட பையன் பேருதானே செல்டா?

இல்லை. அவன் பெயர் லிங்க். செல்டா என்பது இளவரசி. இதை யாரும் தெரியாமல் கேட்டால் சிரிக்காதீர்கள், தலைப்பில் ஒருத்தி பெயரைப் போட்டுவிட்டு இன்னொருவனை ஆடவிட்டால் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முன்னாடி வந்த செல்டா எல்லாம் ஆடியிருக்கணுமா?

வேண்டாம். கதைப்படி இதுதான் பல செல்டாக்களுக்கு முந்தியது. நேராக இதிலேயே தொடங்கலாம்.

கதை என்னன்னு ஸ்பாய்லர் இல்லாம சொல்லுங்களேன்.

காட்டுக்குள் கொகிரி என்ற சிறுவர் கூட்டம் வாழ்கிறது. ஆளுக்கொரு தேவதை கூடவே பறக்கும், லிங்குக்கு மட்டும் இல்லை. ஒருநாள் காட்டின் காவலான டெக்கு மரம் நாவி என்ற தேவதையை அவனிடம் அனுப்புகிறது. மரத்துக்குச் சாபம், அதை வைத்தவன் கேனன்டார்ஃப் என்ற பாலைவன அரசன். மூன்று கற்களைச் சேர்த்து, காலத்தின் கோயிலைத் திறந்து, அங்கே இருக்கும் வாளை எடுத்தால் அவனைத் தடுக்கலாம் என்று இளவரசி திட்டம் போடுகிறாள். வாளை எடுத்ததும் லிங்க் ஏழு வருடம் தூங்கிவிடுகிறான், எழும்போது வளர்ந்த வாலிபன்.

இது தொடக்கம்தான், கேம் பெட்டியின் பின்பக்கத்திலேயே இவ்வளவும் ஏறக்குறைய சொல்லிவிடுவார்கள். கதை என்று எடுத்துப் பார்த்தால் நல்லவன், கெட்டவன், இளவரசி, அவ்வளவுதான். அந்த எளிய கதையைச் சொன்ன விதம் வேறு விஷயம், அதற்குக் கீழே வருகிறேன்.

1998ல அப்படி என்னதான் புதுசா பண்ணிட்டாங்க?

3டி-யில் வாள்சண்டை போடுவது எப்படி என்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்று படிக்க இது சாதாரணமாக இருக்கும். 1996-ல் வந்த சூப்பர் மாரியோ 64, 3டி-யில் எப்படி ஓடுவது, எப்படிக் குதிப்பது என்று காட்டிவிட்டது. ஆனால் எதிரியின் முன்னால் நின்று வெட்டுவது அப்போது தீராத தலைவலி. எதிரி திரையில் எங்கே இருக்கிறான், எட்டும் தூரமா இல்லையா, கேமரா யாரைப் பார்க்கிறது, எதுவும் பிடிபடாது, காற்றைத்தான் வெட்டிக்கொண்டிருப்போம்.

இதற்கு விடை கிடைத்த கதை நன்றாக இருக்கும். குழுவில் சிலர் கியோட்டோவில் உள்ள டோயெய் திரைப்படப் பூங்காவுக்குப் போனார்கள், வெயில் தாங்காமல் ஒரு நாடக அரங்குக்குள் ஒதுங்கினார்கள், உள்ளே நிஞ்சா காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு சாமுராயைப் பல பேர் சூழ்ந்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவன்தான் பாய்கிறான், மற்றவர்கள் முறை வரக் காத்திருக்கிறார்கள். இன்னொருவன் சங்கிலி அரிவாளை வீச, சாமுராய் அதைக் கையால் பிடித்துக்கொள்கிறான், சங்கிலி விறைப்பாக நிற்க, வீசியவன் சாமுராயைச் சுற்றி வட்டமாக நகர்கிறான். இரண்டையும் அப்படியே கேமுக்குள் கொண்டுவந்தார்கள். கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் இசட் பட்டனை அழுத்தினால் கேமரா லிங்கின் முதுகுக்குப் பின்னால் வந்து எதிரியின் மேல் பூட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் நகர்த்தினால் எதிரியைச் சுற்றி வட்டம் போடுவான், மற்ற எதிரிகள் பெரும்பாலும் சற்று ஒதுங்கி நிற்பார்கள். இன்றைக்கு எதிரியின் மேல் 'லாக்' வைக்கும் எந்த 3டி கேமை ஆடினாலும் அந்தச் சங்கிலியின் ஒரு முனை அதில் இருக்கிறது.

இன்னொன்று ஏ பட்டன். கதவருகே போனால் 'திற', ஆளருகே போனால் 'பேசு', ஓடும்போது 'உருள்' என்று திரையின் மேலே அந்த ஒரே பட்டனின் வேலை மாறிக்கொண்டே இருக்கும். குதிப்பதற்கு என்று பட்டனே இல்லை, விளிம்பை நோக்கி ஓடினால் தானாகக் குதிப்பான். மாரியோவைச் செய்த அதே கம்பெனி குதிக்கும் பட்டனை எடுத்துவிட்டது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஆனால் அதனால்தான் கவனம் விரல்களிலிருந்து இடத்துக்குப் போகிறது.

இது சண்டை கேமா, புதிர் கேமா?

புதிர்தான் அதிகம், அதிலும் இடத்தைப் படிக்கும் புதிர். முதல் டன்ஜனான டெக்கு மரத்துக்குள் போனதும் தரையில் பெரிய சிலந்திவலை ஒன்று கிடக்கும். வலையின் மேலேயே நின்று குதித்தால் தாங்கும், கிழியாது. மரத்தின் உள்சுவரைப் பிடித்து உச்சிவரை ஏறி, கீழே எட்டிப் பார்த்து, 'இங்கிருந்து விழுந்தால்?' என்று தோன்றும் அந்த நொடியில் இந்த கேம் உங்களுக்கு 3டி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிடும். ஒரு வரி விளக்கம் கிடையாது. அடுத்த டன்ஜனில் பிரம்மாண்டமான மண்டையோடு இருக்கும், மேலே பாலத்தில் நின்று அதன் கண்குழிகளுக்குள் வெடிகுண்டைப் போட வேண்டும். காட்டுக் கோயிலில் முறுக்கிக்கொண்ட ஒரு தாழ்வாரம், அதை நேராக்கினால் சுவர் தரையாகிவிடும்.

சண்டை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பழகிவிட்டால் எளிது. சண்டைக்காக மட்டும் வருபவர்கள் ஏமாறலாம்.

அந்த நாவி 'ஹே! லிசன்!'னு கத்திக்கிட்டே இருக்கே, எரிச்சலா இருக்காதா?

இருக்கும். ஆனால் அது வெறும் அலங்காரம் இல்லை. மேலே சொன்ன இசட் பூட்டு வேலை செய்ய, இப்போது எதன் மேல் பூட்டப் போகிறோம் என்று காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது. முதலில் சாதாரண முக்கோணக் குறிதான் வைத்திருந்தார்கள், அது குழுவில் இருந்த யோஷியாகி கொய்சுமிக்குப் பிடிக்காமல் தேவதையாக்கினார். எதிரியானால் மஞ்சள், ஆளானால் நீலம், ஏதோ ஒளிந்திருக்கும் இடமானால் பச்சை. ஒரு அம்புக்குறிக்கு உயிர் கொடுத்ததும் அதைச் சுற்றிக் கதையும் வளர்ந்துவிட்டது, 'தேவதை இல்லாத பையன்' என்ற தொடக்கமே அதையொட்டி வந்ததுதான்.

நியாயமாக எரிச்சல்பட வேண்டியது ஆந்தையின் மேல். வழியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசும், பொறுமையில்லாமல் பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் 'மறுபடி சொல்லட்டுமா' என்பதற்கும் சேர்த்து ஆமாம் போட்டுவிடுவோம், மொத்தப் பேச்சும் மீண்டும் ஆரம்பிக்கும்.

ஏழு வருஷம் தாண்டுறதைத்தான் எல்லாரும் பெருசா சொல்றாங்க. டைம் டிராவல் எத்தனை கேம்ல பார்த்தாச்சு?

(இங்கே நடுக்கதை கொஞ்சம் வெளியே வரும்.)

நானும் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். மற்ற பல கேம்களில் காலம் மாறினால் வேறு மேப் வரும். இதில் அதே மேப். முதல் பாதியில் கோழி பிடித்துக் கொடுத்த அதே தெரு, வேடிக்கை பார்த்த அதே சந்தை. வாளை எடுத்து எழுந்து வெளியே வந்தால் சந்தையில் கடைகள் இடிந்து, ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கும் பிணங்கள், கிட்டப் போனால் அலறும். தப்பித்தவர்கள் எல்லாம் ககரிகோ கிராமத்தில் குடியேறியிருப்பார்கள், சந்தையில் பார்த்த கடைக்காரரை அங்கே பார்க்கலாம். நீர்வாழ் இனமான ஸோராக்களின் அருவி பனிக்கட்டியாகிக் கிடக்கும். மாலன் என்ற பெண்ணின் குடும்பப் பண்ணையை வேலைக்காரன் இங்கோ அபகரித்திருப்பான். அவனைக் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தால் கோபத்தில் வாசலைப் பூட்டிவிடுவான், குதிரை எப்போனாவோடு வேலியைத் தாண்டிக் குதித்துத்தான் வெளியே வர வேண்டும். பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்தத் தெருவுக்குத் திரும்பியவர்களுக்கு இந்தக் கேம் தனியாகப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் மனதைத் தொட்ட இடம் எது என்று கேட்டால் மீடோவைச் சொல்வேன். கொகிரிகள் வளர்வதே இல்லை, அதனால் காட்டுக்குத் திரும்பும் லிங்கை ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. சின்ன வயதில் அவனை மட்டம் தட்டிக்கொண்டே இருந்த மீடோ இப்போது வழியை மறிக்கிறான். லிங்கின் சின்ன வயதுத் தோழி சாரியா கற்றுக்கொடுத்த பாட்டை வாசித்துக் காட்டினால்தான் விடுவான், அவளுக்கு வேண்டியவன் என்று அப்போதுதான் நம்புகிறான். நீங்கள் யாரென்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. இதற்கு நீண்ட வசனமும் இல்லை, குரல் நடிப்பும் இல்லை.

புதிரிலும் இது உதவுகிறது. சின்னவனாக ஒரு விதையை நட்டுவிட்டுப் போனால் பெரியவனாக வரும்போது பறக்கும் செடியாக அதில் ஏறிப் போகலாம். சுவாரசியமான விஷயம், சிறுவன் லிங்க் முதல் திட்டத்திலேயே இல்லை, பெரியவனை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள், குட்டி லிங்கையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறகுதான் வந்தது.

ஆகரினான்னா என்ன? பட்டனை அமுக்கிப் பாட்டு வாசிக்கிறதுல என்ன சுகம்?

களிமண்ணில் செய்யும் சிறிய ஊதுகருவி. கேமில் அதை எடுத்தால் ஏ பட்டனும் நான்கு மஞ்சள் சி பட்டன்களும் ஐந்து சுரங்களாகிவிடும். பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன்: ஒன்று பகலை இரவாக்கும், ஒன்று மழையை வரவழைக்கும், ஒன்று குதிரையைக் கூப்பிடும், சில உங்களைத் தூரத்துக் கோயில்களுக்குக் கொண்டுபோய் விடும். மந்திரத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுப்பது இல்லை, நீங்களே வாசிக்க வேண்டும். அதனால் மெட்டு விரலில் ஏறிவிடுகிறது, கேமை மறந்த பிறகும் மெட்டு மறப்பதில்லை.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. மேற்கத்திய டி சுரத்தைச் சட்ஜமாக வைத்தால் அந்த ஐந்து பட்டன்களும் ச, சாதாரண காந்தாரம், ப, சதுஸ்ருதி தைவதம், மேல் ச என்று வரும். ரி, ம, நி கிடையாது. காலத்தின் பாட்டு 'ப ச க, ப ச க'. செல்டாவின் தாலாட்டு 'த', 'மேல் ச', 'ப' என்று மேலேறி இறங்கும். புயல் பாட்டு 'ச க', உடனே ஒரே தாவாக மேல் ச. இவ்வளவு குறைந்த சுரங்களில் பன்னிரண்டு பாட்டுகளை ஒன்றோடொன்று குழம்பாமல் போட்டது கோண்டோவின் கெட்டிக்காரத்தனம். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் சுரத்தை வளைக்கவும் முடியும், கேமை விட்டுவிட்டு வெறுமனே வாசித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு.

அந்தக் காற்றாலைக்காரர் பாட்டை முதல்ல போட்டது யாரு?

யாரும் இல்லை! காலம் தாண்டும் பதிலில் இதைச் சொல்லாமல் விட்டது இந்தக் கேள்விக்காகத்தான். பெரியவனாக ககரிகோ காற்றாலைக்குப் போனால் அங்கே ஒருவர் கோபமாக ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுப்பார், ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்து இதை வாசித்து ஆலையையே கெடுத்துவிட்டான் என்பார். நீங்கள் சிறுவனாகத் திரும்பிப் போய், அவரிடம் கற்ற பாட்டை அவர் முன்னாலேயே வாசிப்பீர்கள். அவரிடமிருந்து நீங்கள் கற்றீர்கள், உங்களிடமிருந்து அவர் கற்றார், இயற்றியவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. கேம் இதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்காது.

ஹைரூல் மைதானம் காலியா கிடக்கே, இதையா ஓபன் வேர்ல்டுன்னு சொல்றீங்க?

ஓபன் வேர்ல்டு, அதாவது இஷ்டப்படி எங்கும் சுற்றும் உலகம் இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மைதானம் என்பது கதை நடக்கும் ஹைரூல் நாட்டின் நடுவில் இருக்கும் வெளி, அதிலிருந்து ஊர்களுக்கும் காட்டுக்கும் மலைக்கும் பிரிந்து போகலாம். மொத்த கேமும் 32 மெகாபைட் கார்ட்ரிட்ஜுக்குள் (கன்சோலில் செருகும் கேம் பெட்டி) அடங்கியது, இன்றைய செல்போனில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவு. அப்போது நின்டெண்டோ செய்ததிலேயே பெரிய கார்ட்ரிட்ஜ் அதுதான். சந்தைத் தெருவைக் கூர்ந்து பாருங்கள், அது 3டி-யே இல்லை, முன்கூட்டியே வரைந்த படத்தின் மேல் லிங்க் நடக்கிறான், அதனால்தான் அங்கே கேமரா அசைவதில்லை.

காலியாக இருப்பது உண்மை, ஆனால் முதல் தடவை காட்டிலிருந்து வெளியே வரும்போது அந்த வெறுமைதான் வேலை செய்கிறது. சூரியன் மறையும், கோட்டையின் பாலம் மேலே தூக்கப்படும், வெளியே மாட்டிக்கொண்டால் மண்ணிலிருந்து எலும்புக்கூடுகள் எழும்பும். இசையையும் கவனியுங்கள்: மைதானத்தின் பாட்டை எட்டெட்டுத் தாளக்கட்டுகள் கொண்ட துண்டுகளாகப் போட்டு, கேம் அவற்றை மாற்றி மாற்றி அடுக்குகிறது. சும்மா நின்றால் மெல்லிய துண்டு, எதிரி வந்தால் பதற்றமான துண்டு. எத்தனையோ முறை கடக்க வேண்டிய இடம், ஒரே பாட்டைக் கேட்டால் சலிக்கும் என்று யோசித்துச் செய்தது. பெரியவனான பிறகு குதிரை கிடைத்ததும் மைதானம் ஏன் அவ்வளவு அகலம் என்பது புரியும்.

தண்ணீர் கோயில் நிஜமாவே அவ்ளோ கஷ்டமா?

கஷ்டத்தைவிட அலுப்பு என்று சொல்வேன். கட்டிடத்தின் நீர்மட்டத்தை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்க வேண்டும், எந்த மட்டத்தில் எந்தக் கதவு எட்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இது நல்ல புதிர். கொடுமை எங்கே என்றால் மூழ்குவதற்கு இரும்புக் காலணி போட வேண்டும், மிதப்பதற்குக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் கேமை நிறுத்தி, மெனுவைத் திறந்து, பக்கம் புரட்டி, மாட்டி, மூடி... அவோனுமாவே பின்னாளில் அந்தக் காலணி விஷயத்துக்கு வருத்தம் தெரிவித்தார். 2011-ல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்-க்கு வந்த பதிப்பில் காலணியை நேரடியாக ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளலாம், நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டும் வண்ணக் கோடுகளும் சுவரில் போட்டிருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஒரே சாவியைத்தான் தவறவிட்டிருப்பார்கள். நடுக்கோபுரத்துக்குள் நீரை நடுமட்டத்துக்கு ஏற்றியதும் தரையிலிருந்து ஒரு கட்டை மிதந்து மேலே வரும், அது இருந்த இடத்தில் கீழே ஒரு பள்ளம் திறந்திருக்கும். மேலே வந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். காலணியைப் போட்டு அதற்குள் இறங்குங்கள்.

கைடு பார்த்து ஆடினா தப்பா?

தப்பில்லை, ஆனால் முதல் மூன்று டன்ஜன்களைப் பார்க்காமல் ஆடுங்கள். பிறகு ஒரே இடத்தில் ஒரு மாலை முழுக்கச் சுற்றினால் பார்த்துவிட்டு நகருங்கள், அந்தக் காலத்திலும் குறிப்புப் புத்தகம் விற்றார்கள்.

கிராஃபிக்ஸைப் பார்த்தா சிரிப்பு வருது. இப்ப ஆடினா தாங்குமா?

முதல் ஒரு மணி நேரம் கண் உறுத்தும். மூலப் பதிப்பு வினாடிக்கு 20 படச்சட்டங்களில் (ஃபிரேம்) ஓடியது, ஐரோப்பியப் பதிப்பு அதைவிட மெதுவாக. முகங்கள் கட்டம் கட்டமாக இருக்கும், கை விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு பழகிவிடும், ஏனென்றால் அசைவு பழசாகவில்லை. லிங்க் திரும்பும் விதம், எதிரி தலையைச் சாய்க்கும் விதம், கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம், பெட்டியைத் திறக்கும்போது ஏறிக்கொண்டே போகும் அந்த இசை எல்லாம் இன்றும் சரியாக இருக்கிறது. அதுவும் உறுத்துகிறது என்றால் 3டிஎஸ் பதிப்பு இருக்கிறது, வினாடிக்கு 30 படச்சட்டங்கள், உருவங்களை மறுபடி செய்திருக்கிறார்கள்.

சரி, எந்தப் பதிப்பை ஆடறது?

வசதியாக ஆட 3டிஎஸ் பதிப்புதான் என் தேர்வு, தண்ணீர் கோயில் பதிலில் சொன்ன காரணமே போதும். சிக்கல் என்னவென்றால் 3டிஎஸ்-ன் இணையக் கடையில் 2023 மார்ச் முதல் புதிதாக வாங்க முடியாது, பழைய கருவியும் கார்ட்ரிட்ஜும் கைமாற்றாகத்தான் தேட வேண்டும். இப்போது எளிதாகக் கிடைப்பது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவின் கூடுதல் அடுக்கில் வரும் மூலப் பதிப்பு, 2021 அக்டோபரிலிருந்து அதில் இருக்கிறது. எந்த இடத்திலும் நிறுத்திவைத்துத் தொடரலாம் என்பது பெரிய வசதி, ஏனென்றால் மூல கேமில் டன்ஜனுக்குள் சேமித்தால் டன்ஜன் வாசலிலும், வெளியே எங்கே சேமித்தாலும் சிறுவனானால் அவன் வீட்டிலும் பெரியவனானால் காலத்தின் கோயிலிலும்தான் எழுப்பிவிடும். நம் ஊரில் ஸ்விட்ச் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்காக வருவதால் சந்தா கட்டுமுன் உங்கள் கணக்கு எந்த நாட்டுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'மாஸ்டர் குவெஸ்ட்' என்று ஒன்று கண்ணில் படும். அதே கேம், டன்ஜன் புதிர்கள் மட்டும் மாற்றிக் கடினமாக்கியது. முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம்.

ரத்தத்தைப் பச்சையா மாத்தினாங்க, பாட்டை எடுத்தாங்கன்னு சொல்றது உண்மையா?

உண்மை. முதல் அச்சுகளில் நெருப்புக் கோயிலின் பின்னணி இசையில் இஸ்லாமிய ஓதலின் ஒலித்துண்டு ஒன்று இருந்தது, கேனன்டார்ஃபின் ரத்தம் சிவப்பு. நின்டெண்டோ 64-ன் பிற்கால அச்சுகளிலேயே ஓதல் போய்ச் செயற்கைக் குரல் வந்தது, ரத்தம் பச்சையானது. கேனன்டார்ஃபின் இனமான கெருடோக்களின் பிறைச் சின்னம் அதற்கும் பிந்தைய வெளியீடுகளில் மாறியது. விளையாட்டு இதனால் துளியும் மாறவில்லை, சேகரிப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை.

முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்? நாலு நிமிஷத்துல முடிக்கிறாங்களாமே, அது எப்படி?

முதல் தடவை ஆடுபவருக்கு 25, 30 மணி நேரம் ஆகலாம். மீன் பிடிக்கும் குளத்தில் விழுந்துவிட்டால் இன்னும் கூடும். அந்தக் குளம் கசுவாகி மொரிட்டா என்ற நிரலாளர் வேலைக்கு நடுவே ஆசைக்குச் செய்துபார்த்தது, மற்றவர்களுக்குப் பிடித்துப்போய்க் கேமிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நான்கு நிமிடத்துக்குள் முடிப்பதும் உண்மைதான், ஏமாற்றும் கருவி எதுவும் இல்லாமல் கன்ட்ரோலரால் மட்டும். முன்பு டெக்கு மரத்தின் பாஸை (டன்ஜன் முடிவில் வரும் பெரிய எதிரி) வென்ற கையோடு ஒரு கோளாறைப் பயன்படுத்தி நேராகக் கடைசிக் கோட்டைக்குத் தாவுவார்கள், 20 நிமிடத்துக்குள் முடியும். 2019-ல் கண்டுபிடித்தது அதையும் தாண்டியது: லிங்க் கையில் தூக்கியிருக்கும் பொருளை கேம் நினைவகத்திலிருந்து அழித்துவிட்ட பிறகும், அவன் இன்னும் தூக்கிக்கொண்டிருப்பதாகவே நம்பும்படி செய்யலாம். அப்போது அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான், எங்கே நிற்கிறான் என்ற எண்கள் நினைவகத்தில் வேறு எதன் மேலேயோ எழுதப்படும். சரியான இடத்தில் சரியான எண்ணை எழுதினால் கேமையே உங்கள் சொல்படி ஓடவைக்கலாம், அதற்கான கட்டளையைச் சேமிப்புக் கோப்புக்கு வைக்கும் பெயருக்குள்ளேயே ஒளித்து வைக்கிறார்கள். அந்த நான்கு நிமிடத்துக்குப் பின்னால் பலர் பல வருடம் கேமைப் பிரித்து மேய்ந்த உழைப்பு இருக்கிறது. 2021-ல் ஆர்வலர் குழு ஒன்று மூல நிரலையே பின்னோக்கி எழுதி முடித்தது. பொருள்கள் இருக்கும் இடத்தையெல்லாம் கலைத்துப்போட்டு ஆடும் 'ரேண்டமைசர்' தனி உலகம்.

டைம்லைன் மூணா பிரியுதுன்னு சண்டை போடறாங்களே, எது சரி?

(முடிவு தெரிய வேண்டாம் என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.)

டைம்லைன் என்பது செல்டா கேம்களின் கதைகளை அடுக்கும் காலவரிசை. இந்த கேமின் முடிவில் கேனன்டார்ஃபை அடைத்துவிட்டு, இழந்த ஏழு வருடத்தை வாழச் சொல்லி செல்டா லிங்கைச் சிறுவனாகத் திருப்பி அனுப்புகிறாள். அங்கேயே இரண்டு வழி ஆகிவிட்டது: அவன் விட்டுப்போன வருங்காலம் ஒன்று, அதில் 'விண்ட் வேக்கர்' வருகிறது. அவன் திரும்பிப் போன சிறுவயது மற்றொன்று, அதில் 'மஜோராஸ் மாஸ்க்', 'டுவைலைட் பிரின்சஸ்'. 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் அதிகாரப்பூர்வப் புத்தகம் மூன்றாவதாக, லிங்க் தோற்றுப்போனால் என்ற வழியையும் சேர்த்துப் பழைய 2டி கேம்களை அதில் வைத்தது. அந்தத் தோல்வி கேமில் காட்டப்படுவதே இல்லை, அதனால் எனக்கு அது பழைய கேம்களை எங்காவது செருக வேண்டுமே என்று போட்ட முடிச்சாகத்தான் தெரிகிறது. முதல் இரண்டும் கதையிலேயே இருக்கின்றன.

உண்மையைச் சொல்லுங்க, எல்லாம் சின்ன வயசு ஏக்கம்தானே?

கொஞ்சம் ஏக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த 99 மதிப்பெண்ணில் பாதி, அதுவரை யாரும் பார்த்திராத ஒன்றைப் பார்த்த ஆச்சரியம். அந்த ஆச்சரியம் இன்று புதிதாக ஆடுபவருக்குக் கிடைக்காது, ஏனென்றால் இசட் பூட்டு எல்லா கேமிலும் வந்துவிட்டது. பெண் பாத்திரங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை குறைவு, ஆந்தையைப் பற்றி ஏற்கனவே புலம்பியாகிவிட்டது.

ஆனால் வெறும் ஏக்கமென்றால் 1998-ல் ஆடியவர்களோடு இது முடிந்திருக்க வேண்டும். 2011-ல் 3டிஎஸ்-ல் முதல்முறை ஆடியவர்கள், இந்த கேம் வந்த பிறகு பிறந்தவர்கள் எல்லாம் அதே இடங்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்: சிலந்திவலை, இடிந்த சந்தை, மீடோ. என் கணக்கில் காரணம் ஒன்றுதான். இதில் இடங்கள் குறைவு, அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பத் திரும்ப வருகிறீர்கள், வரும்போதெல்லாம் கையில் வேறு கருவி, வேறு வயது, வேறு பாட்டு. நூறு மணி நேரம் நடந்தாலும் தீராத மேப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன, அவற்றில் ஒரு தெருவின் பெயர்கூட எனக்கு நினைவில் நிற்பதில்லை. ககரிகோவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிடிக்கவில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் காலத்தின் கோயிலைத் தாண்டிவிட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் விட்டவர்கள் பாதி கேமைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

முடிச்சுட்டேன். அடுத்து எது?

2000-ல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'. இதன் இயந்திரத்தையும் உருவங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தெரிந்த முகங்களையெல்லாம் வேறு ஊரில் வேறு ஆட்களாக நிறுத்தியிருப்பார்கள். மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியும், நீங்கள் ஆகரினாவை வாசித்து முதல் நாளுக்குத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பும்போது கையிலிருக்கும் பணம், அம்பு, குண்டு எல்லாம் போய்விடும், அதனால் பாட்டை வாசிக்குமுன் பணத்தை வங்கியில் போட்டுவிடுங்கள்.